கையில் சென்சார் ஒட்டியாச்சு... முதல் 14 நாள் சர்க்கரையைத் துரத்தாதீங்க!

கருப்பட்டின்னா ஒண்ணும் செய்யாது. வேம்பார், விளாத்திகுளம், உடன்குடி எனப் பனை நிற்கும் ஊர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் முதல் ஆறுதல் இதுதான். வெள்ளைச் சீனி விஷம், கருப்பட்டி மருந்து. போதாக்குறைக்கு உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஊரே பெருமையாகச் சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவது?

மறுத்துப் பேச இப்போது ஒரு கருவி வந்திருக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும். கருப்பட்டிக் காபி குடித்த கொஞ்ச நேரத்தில், போன் திரையில் கோடு ஏற ஆரம்பிக்கும். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். இரும்புச்சத்து கொஞ்சம் இருக்கலாம், மணம் நிறைய இருக்கும், ஆனால் இன்சுலின் சுரக்காத உடம்புக்கு அது சீனிக்குச் சித்தப்பா மகன்தான். இதை டாக்டர் பத்து தடவை சொன்னாலும் நம்பாத வீடு, அந்தக் கோட்டை ஒரு தடவை பார்த்தால் நம்பிவிடுகிறது.

சென்சாரின் பலம் அதுதான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கோட்டைப் பார்த்த அடுத்த நொடியே அதைக் கீழே இழுக்க கை துடிக்கும். முதல் சென்சாரை ஒட்டியவர்கள் செய்யும் பெரிய தவறு அந்தத் துடிப்புக்கு அடிபணிவதுதான். முதல் 14 நாள் சர்க்கரையைச் சரிசெய்வதற்கான நாட்கள் அல்ல, அதைத் தெரிந்துகொள்வதற்கான நாட்கள்.

டைப் 1 வேற, வீட்டுப் பெரியவங்களுக்கு இருக்கிற சுகர் வேற

தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் இருப்பது பெரும்பாலும் டைப் 2. உடம்பில் இன்சுலின் இருக்கும், சரியாக வேலை செய்யாது. டைப் 1 அப்படியில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. இனிப்பு சாப்பிட்டதால் வந்ததல்ல, அம்மா கர்ப்பத்தில் எதையோ தின்றதால் வந்ததும் அல்ல. மாத்திரையால் சமாளிக்க முடியாது, பாகற்காய் ஜூஸாலும் முடியாது. வெளியிலிருந்து இன்சுலின் போட்டே ஆகணும், தினமும், வாழ்நாள் முழுக்க.

1922 ஜனவரியில் கனடாவின் டொரோன்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன்னால் டைப் 1 என்றால் சில மாதங்களில் மரணம். இன்று இதே நோயோடு டெஸ்ட் கிரிக்கெட் ஆடிவிட்டார்கள். வாசிம் அக்ரமுக்கு 1997-ல், சுமார் முப்பது வயதில் டைப் 1 என்று தெரியவந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பந்து வீசினார்.

இது அரிய நோய் என்று நினைக்க வேண்டாம். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 அட்லஸ்படி, 19 வயது வரையிலான டைப் 1 நோயாளிகள் இந்தியாவில் மட்டும் சுமார் 2.29 லட்சம் பேர். உலகிலேயே அதிகம் இங்கேதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2022-ல் டைப் 1-க்கென்றே தனி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டதற்குக் காரணம் இந்த எண்ணிக்கைதான்.

இவர்களுக்கு ஒரு நாளில் எடுக்க வேண்டிய முடிவுகள் ஏராளம். இட்லி இரண்டா மூன்றா, ஊசி எத்தனை யூனிட், பஸ் பிடிக்க ஓடினால் சர்க்கரை இறங்குமா, தூங்கப் போகலாமா. விரலில் குத்திப் பார்த்தால் அந்த நொடியின் எண் மட்டும் கிடைக்கும். காலை 7 மணிக்கு 110, இரவு 8 மணிக்கு 140 என்று நோட்டில் எழுதியிருந்தால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று தோன்றும். நடுவில் அதிகாலை 3 மணிக்கு 48-க்கு இறங்கி ஏறியது யாருக்கும் தெரியாது.

சென்சார் என்ன அளக்கிறது?

ரத்தத்தை இல்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒட்டும்போது ஓர் ஊசி உள்ளே போய் உடனே வெளியே வந்துவிடும். தோலுக்கடியில் தங்குவது மெல்லிய, வளையக்கூடிய ஒரு இழை. இந்தியாவில் பலரும் பயன்படுத்தும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகையில் அதன் நீளம் 5 மில்லிமீட்டர்தான். செல்களைச் சுற்றியிருக்கும் திரவத்தில் உள்ள குளுக்கோஸோடு இழையில் இருக்கும் நொதி வினை புரியும். அதில் உண்டாகும் சின்ன மின்னோட்டம்தான் எண்ணாக மாறுகிறது.

குளுக்கோஸ் முதலில் ரத்தத்துக்கு வரும், பிறகுதான் இந்தத் திரவத்துக்குப் போகும். அதனால் சென்சார் எப்போதும் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்தங்கியே ஓடும். சர்க்கரை நிலையாக இருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும்தான் குளுக்கோமீட்டர் ஒன்று சொல்லும், சென்சார் இன்னொன்று சொல்லும். உடனே கருவி டுபாக்கூர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டும் வேறு வேறு இடத்தை, வேறு வேறு நேரத்தில் பார்க்கின்றன.

ஒட்டியதும் எண் வந்துவிடாது. லிப்ரேயில் ஒரு மணி நேரம் காத்திருக்கணும். முதல் 24 மணி நேரத்தில் அளவு கொஞ்சம் தடுமாறவும் செய்யலாம். அன்று விரல் பரிசோதனையைக் கைவிட வேண்டாம். குளுக்கோமீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உடம்பு ஒன்று சொல்லி எண் வேறொன்று சொன்னால் தீர்ப்பு விரல்நுனியில்தான்.

ஒட்டுவதற்கு முன்

முதலில் போன். ஸ்கேன் செய்து பார்க்கும் சென்சார் என்றால் என்.எஃப்.சி வசதி கட்டாயம். ஜிபே ஓடுகிற எல்லா போனிலும் அது இருக்காது. க்யூ.ஆர் கோடுக்கு கேமரா போதும், சென்சாருக்குப் போதாது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் என்.எஃப்.சி கிடையாது. பல ஆயிரம் கொடுத்து சென்சார் வாங்கி வந்து, பெட்டியைப் பிரித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. செட்டிங்ஸில் முன்னாடியே பார்த்துடுங்க. இல்லையென்றால் தனி ரீடர் கருவி வாங்கணும். ப்ளூடூத்தில் தானாக எண் அனுப்பும் மாடல் என்றால், உங்கள் போன் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கணும்.

அடுத்தது அலாரம். சர்க்கரை இறங்கினால் சில மாடல்கள் சத்தம் போடும். சில மாடல்களில் நீங்களாக ஸ்கேன் செய்தால்தான் எண் தெரியும், தூக்கத்தில் இறங்கினால் அது எழுப்பாது. இரவில் அடிக்கடி சர்க்கரை இறங்கும் ஆளுக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை. வாங்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கணும். விலை இரண்டாவது கேள்வி.

பிறகு கடற்கரை வெயிலும் வியர்வையும். சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டணும். தேங்காய் எண்ணெய் தேய்த்த கையில் பசை நிற்காது. தழும்பு, மச்சம், இன்சுலின் போடும் இடம் வேண்டாம். எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவீர்களோ அந்தக் கையும் வேண்டாம். ராத்திரி முழுக்க சென்சார் மேல் படுத்தால், அழுத்தத்தில் அந்த இடத்துத் திரவ ஓட்டம் குறைந்து, இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டும். நடுராத்திரி அலாரம் கேட்டு எழுந்து சீனித் தண்ணீர் குடித்து, காலையில் 300-ல் விழிப்பவர்கள் உண்டு.

பெட்டியில் எந்த வெப்பநிலையில் வைக்கணும் என்று அச்சிட்டிருக்கும். மே மாதத்தில் ஓட்டு வீட்டு அலமாரி அதற்குத் தோதான இடம் இல்லை. இன்சுலினுக்கும் இதே கவலை உண்டு. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமான மண்பானை நன்றாகவே கைகொடுக்கும். ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடக் கூடாது. வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுத்தால் சில சென்சார்கள் எண்ணைக் கூட்டிக் காட்டும். எம்.ஆர்.ஐ எடுக்கப் போனால் கழற்றிவிடணும்.

எண்ணைவிட அம்புக்குறி முக்கியம்

திரையில் 100 என்று இருக்கிறது. நல்ல எண்தானே? பக்கத்தில் இருக்கும் அம்பைப் பாருங்க.

அம்பு படுத்திருந்தால் நிம்மதி. சாய்வாக இறங்கினால் நிமிடத்துக்கு 1 முதல் 2 வரை குறைகிறது என்று அர்த்தம். நேராகக் கீழே பார்த்தால் நிமிடத்துக்கு 2-க்கும் மேல். அப்படியே போனால் இந்த 100, அரை மணி நேரத்தில் 40. படுத்த அம்போடு இருக்கும் 100-ல் பைக் எடுக்கலாம், கீழே பார்க்கும் அம்போடு இருக்கும் 100-ல் எடுக்கக் கூடாது. விரல் பரிசோதனையால் ஒருபோதும் சொல்ல முடியாத சேதி இது. சென்சாருக்குக் கொடுக்கும் காசில் பாதி இந்த அம்புக்குத்தான்.

சரி, 70-க்குக் கீழே போயாச்சு, என்ன செய்யணும்? 15 கிராம் வேகமான சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சீனியோ தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் காத்திருக்கணும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் தாமதமாகும். அவசரத்துக்குக் கருப்பட்டி மட்டும்தான் இருக்கிறதா, கரைத்துக் குடிச்சிடுங்க. ஊர் சொல்வதுபோல் அது மருந்தாகும் ஒரே தருணம் இதுதான்.

15 நிமிடம் கழித்து சென்சார் இன்னும் 62 என்றே காட்டலாம். ரத்தத்தில் சர்க்கரை ஏற ஆரம்பித்திருக்கும், சென்சார் பின்தங்கியிருக்கும். இங்கேதான் பயந்துபோய் இன்னொரு டம்ளர், கூடவே ரெண்டு மக்ரூன் என்று உள்ளே போகும். இந்த ஓர் இடத்தில் விரலில் குத்திப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-க்கு அழைக்கணும்.

துரத்தினால் என்ன ஆகும்?

மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம். சென்சார் 240 காட்டுகிறது. நேற்று வரை இந்த நேரத்தில் யாரும் பரிசோதித்ததே இல்லை. 240 என்பது நேற்றும் இருந்திருக்கும், முந்தாநாளும் இருந்திருக்கும். ஆனால் இன்று கண்ணில் பட்டுவிட்டது. உடனே 4 யூனிட் கூடுதலாக ஒரு ஊசி. அரை மணி கழித்தும் இறங்கவில்லை, இன்னும் 3 யூனிட்.

வேகமாகச் செயல்படும் இன்சுலினே உச்சத்துக்கு வர ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும், உடம்பில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் வேலை செய்யும். வழக்கமான ரெகுலர் இன்சுலின் என்றால் ஆறு, எட்டு மணி நேரம்கூட ஓடும். சாப்பாட்டுக்குப் போட்டதே இன்னும் முடியவில்லை. அதன் மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று. சாயங்காலம் 5 மணிக்கு மூன்றும் சேர்ந்து இழுக்கும்போது ஆள் வேலையில் இருப்பார், அல்லது பைக்கில் இருப்பார். சென்சார் வராமல் இருந்திருந்தால் இந்த விபத்தே நடந்திருக்காது. கருவி கெட்டதில்லை. எண் நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, மருந்து மணிக்கணக்கில்தான் வேலை செய்கிறது.

அதனால் முதல் 14 நாள் ஒப்பந்தம் இப்படி இருந்தால் நல்லது. டாக்டர் எழுதிக் கொடுத்த இன்சுலினை அதே அளவில், அதே நேரத்தில் போடுவது. 70-க்குக் கீழே போனால் உடனே கவனிப்பது, அதில் சமரசமே கிடையாது. சர்க்கரை 250-க்கு மேலேயே நின்று, வாந்தியோ வயிற்றுவலியோ மூச்சிரைப்போ வந்தால் கீட்டோன் பார்ப்பது, மருத்துவமனைக்குப் போவது. சென்சாருக்குக் கீட்டோன் தெரியாது. சாப்பிட முடியலையே என்று இன்சுலினை மொத்தமாக நிறுத்துவதுதான் டைப் 1-ல் உயிரைப் பறிக்கும் தவறு. இந்த இரண்டு அவசரங்களைத் தவிர மற்ற ஏற்ற இறக்கங்களைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். என்ன சாப்பிட்டோம், எப்போ ஊசி போட்டோம், எவ்வளவு நடந்தோம். செயலியிலேயே எழுதும் இடம் இருக்கிறது.

பதினைந்தாம் நாள் அந்த ரிப்போர்ட்டோடு டாக்டர் முன்னால் உட்காரும்போதுதான் சென்சாருக்கான முழுக் காசும் திரும்பக் கிடைக்கிறது. 14 நாளில் குறைந்தது 70 சதவீத நேரத்துக்கான தகவல் இருந்தால், அது சுமார் மூன்று மாதப் போக்கையே ஓரளவு சொல்லிவிடும் என்பது நிபுணர்களின் கணக்கு. ஸ்கேன் வகை சென்சார் 8 மணி நேரத்தைத்தான் நினைவில் வைக்கும் என்பதால், தூங்கும் முன்னும் எழுந்ததும் தவறாமல் ஸ்கேன் பண்ணணும்.

பரோட்டாவும் கடலும் சொல்லித் தரும் பாடம்

இரவு 9 மணிக்கு பரோட்டா, சால்னா. பத்தரைக்குப் பார்த்தால் 150. ஆஹா, பரோட்டா ஒத்துக்குதே! ராத்திரி 1 மணிக்கு 290. மைதாவோடு போன எண்ணெயும் கறியும் செரிமானத்தை இழுத்தடித்து, சர்க்கரையை நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டிருக்கும். காலையில் விரலில் குத்தி 230 பார்த்தவர், இத்தனை வருஷமாகக் காலை உடம்பைத் திட்டிக்கொண்டிருந்திருப்பார். குற்றவாளி முந்தைய நாள் ராத்திரி இலையில் இருந்தது. பரோட்டாவை விட்டுவிட வேண்டும் என்பதில்லை, அந்த இரவு ஊசியை எப்படிப் பிரித்துப் போடுவது என்று டாக்டரோடு பேச முடியும்.

பதநீரில் ஏறக்குறைய பத்து சதவீதம் சர்க்கரை. வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் குடித்தால் கோடு பனை உயரத்துக்கு ஏறும். நுங்கு அந்த அளவுக்கு மோசமில்லை. இதெல்லாம் எந்த அமெரிக்க செயலியின் உணவுப் பட்டியலிலும் இருக்காது. அவரவர் உடம்பில் அவரவர்தான் கண்டுபிடிக்கணும்.

கடல் வேலை வேறு கணக்கு. வலை இழுத்து, படகைத் தள்ளி உழைத்த நாளில் சர்க்கரை அப்போதே இறங்காமல், பல மணி நேரம் கழித்து இரவில் இறங்கலாம். கடலுக்குள் சிக்னல் இல்லையே என்ற கவலை வேண்டாம், ஸ்கேன் செய்ய இன்டர்நெட் தேவையில்லை. வீட்டுக்கு எண் போய்ச் சேரத்தான் தேவை. குளிப்பதும் நீந்துவதும் சிக்கலில்லை. லிப்ரே தாங்குவது ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிடம். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நின்றுபோனாலும் சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் போகும் ஆழம் இந்தக் கருவிக்கானதல்ல. தவிர, கடலுக்கடியில் சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்பது சென்சாரைவிடப் பெரிய கேள்வி. அதை டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசியே தீரணும்.

எண்ணுக்கு மார்க் போடாதீங்க

ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். வயசு 23, சொந்த ஊர் வேம்பார், வேலை சென்னையில். சென்சார் எண்ணை அம்மாவின் போனுக்கும் பகிரும் வசதி இருக்கிறது. நல்ல வசதிதான், தனியாகத் தங்கியிருக்கும் பிள்ளைக்கு ராத்திரி சர்க்கரை இறங்கினால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம் இருந்தும் போன் போட்டு எழுப்பலாம்.

ஆனால் நடப்பது பெரும்பாலும் வேறு. மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது வாட்ஸ்அப்: "226 காட்டுதே, என்ன சாப்ட்ட?" சாயங்காலம் அண்ணனிடமிருந்து: "பிரியாணியா?" மூன்றாம் நாள் அவள் பகிர்வதை நிறுத்திவிடுவாள். இல்லையென்றால் ஸ்கேன் செய்வதையே நிறுத்திவிடுவாள். பிறகு உண்மையாகவே இறங்கும் இரவில் யாருக்கும் தெரியாது.

சாப்பாடு மட்டும் சர்க்கரையை ஏற்றுவதில்லை. தூக்கமின்மை, காய்ச்சல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், மேனேஜரின் மெயில், எல்லாம் ஏற்றும். அதிகாலை ஹார்மோன்கள் ஒன்றும் சாப்பிடாமலேயே ஏற்றும். 2019-ல் சர்வதேச நிபுணர்கள் ஒப்புக்கொண்ட இலக்கே, ஒரு நாளில் 70 சதவீத நேரத்துக்கு மேல் 70 முதல் 180-க்குள் இருந்தால் போதும் என்பதுதான். அதாவது சுமார் 17 மணி நேரம். மீதி ஏழு மணி நேரம் அந்த எல்லைக்கு வெளியே போகலாம், 70-க்குக் கீழே மட்டும் 4 சதவீதத்துக்குள், அதாவது ஒரு மணி நேரத்துக்குள் நிற்கணும். டாக்டர்களே நூற்றுக்கு நூறு கேட்காத பரீட்சையில் வீட்டில் ஏன் கேட்கணும்? பகிர்வதாக இருந்தால் முதல் நாளே பேசி வைப்பது நல்லது: 70-க்குக் கீழே போனால் கூப்பிடுவோம், மற்றதெல்லாம் அவள் விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரும் வாய்விட்டுப் பேசாதது. அரைக்கை சுடிதாரில் அந்த வெள்ளை வட்டம் தெரியும். பஸ்ஸில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள். மாப்பிள்ளை பார்க்கிற வயசு என்று, முழுக்கை போடச் சொல்வார்கள் வீட்டில். முழுக்கையில் வியர்த்து, உரசி, பசை விட்டுப் போய் ஒன்பதாம் நாளே சென்சார் கீழே விழுந்த பிறகு நஷ்டம் யாருக்கு? மறைக்கலாமா வேண்டாமா என்பது அணிந்திருப்பவர் எடுக்க வேண்டிய முடிவு. கேட்கிறவர்களுக்குக் 'கண்ணாடி போடுற மாதிரிதான்' என்று ஒரு வரி போதும்.

காசுதான் கேள்வி

ஒரு சென்சார் 14 நாள் என்றால் வருஷத்துக்கு 26 வேணும். ஒன்றின் விலை ஐயாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,30,000 ரூபாய். இன்சுலின், ஊசி, ஸ்ட்ரிப் தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாத வருமானம் நின்றுபோகும் வீட்டில் இந்தக் கணக்கைச் சொன்னால், அடுத்த வார்த்தை பேச முடியாது.

இதற்கு நடுவே, நீரிழிவே இல்லாத ஆட்கள் இதே சென்சாரை ஒட்டிக்கொண்டு, பொங்கலா தோசையா எது அதிகம் ஏற்றுது என்று ரீல்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவரவர் காசு, அவரவர் ஆசை. பக்கத்திலேயே சர்க்கரை அளக்கும் ஸ்மார்ட்வாட்ச் என்று இரண்டாயிரம் ரூபாய் விளம்பரமும் ஓடும். அதை மட்டும் தொடவே வேண்டாம். தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கோ மோதிரத்துக்கோ அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி டைப் 1 உள்ளவர் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து.

வருஷம் முழுக்க முடியாதென்றால் சென்சாரே வேண்டாம் என்று ஒதுக்கிவிடத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு நான்கு. இன்சுலின் மாற்றும்போது ஒன்று, வேலையோ ஷிஃப்டோ மாறும்போது ஒன்று. மற்ற நாட்களில் விரல் பரிசோதனை. ஒழுங்காகக் குறிப்பெடுத்து டாக்டரோடு உட்கார்ந்து படித்த நான்கு சென்சார், சும்மா ஒட்டிக்கொண்டு திரிந்த பத்து சென்சாரைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

ஆனால் இந்தக் கணக்கைக் குடும்பங்கள் மட்டுமே போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இங்கிலாந்தில் டைப் 1 உள்ள எல்லோருக்கும் தொடர் சென்சார் கிடைக்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022-லேயே சொல்லிவிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் சமூகப் பாதுகாப்பு மிஷன் 'மிட்டாய்' என்ற பெயரில் டைப் 1 குழந்தைகளுக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. இன்சுலின் பேனாவில் தொடங்கி தொடர் சென்சார், பம்ப் வரை அதன் பட்டியலில் உண்டு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுபோன மாநிலம் தமிழ்நாடு. மாத்திரையால் ஆகாத சர்க்கரை நோயும் அதே தெருவில் இருக்கிறது. வேம்பாரிலிருந்து தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில். அங்கே பதிவு செய்த டைப் 1 குழந்தை ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு சென்சார், அந்த ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல வாரத்தில் ஒரு நாள் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர். கேட்பது இவ்வளவுதான். சென்சாரை மட்டும் கொடுத்து, படித்துச் சொல்ல ஆள் போடாமல் விட்டால் அது இன்னொரு இலவசப் பொருளாகிவிடும்.

காசே தேவைப்படாத வேலை ஒன்றும் பாக்கி இருக்கிறது. டைப் 1 மாணவர்கள் தேர்வு அறைக்குள் குளுக்கோமீட்டர், சென்சார், சர்க்கரை மாத்திரை, தண்ணீர் கொண்டுபோக அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் கல்வி வாரியங்களுக்கு எழுதியது. சி.பி.எஸ்.இ அதற்கு முன்பே, 2017-ல், பொதுத்தேர்வு எழுதும் டைப் 1 மாணவர்கள் சாப்பிட ஏதாவது கொண்டுவர அனுமதித்தது. சென்சாரைப் படிக்க போன் வேணும், தேர்வு அறைக்குள் போன் கூடாது. போன் மேற்பார்வையாளர் மேசையில் இருக்கட்டும், தேவைப்படும்போது அவர் முன்னாலேயே ஸ்கேன் செய்யட்டும். டாக்டரின் கடிதத்தோடு பெற்றோர் தலைமை ஆசிரியரைப் பார்க்க வேண்டியது ஹால் டிக்கெட் வந்த பிறகு இல்லை, டிசம்பரிலேயே.